999983-ஆவது அடி

2024 நவம்பர் 18, திங்கள்.

இன்று ஒரு சிறிய தவறு செய்தேன். வகுப்பில் என் எண்ணைப் பலகையில் எழுதச் சொன்னார்கள். 999983 என்று எழுத வேண்டியதை 999984 என்று எழுதிவிட்டேன். ஒன்றுதான் அதிகம். அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். மறுபடியும் 4 வந்தது. மூன்றாவது தடவை இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு 3 போட்டேன். யாரும் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். கவனித்திருக்கலாம்.

யுவராணி நோட்டை மூடியபோது மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளரில் ஒரு வட்டம் எழுந்து, விளிம்பில் மோதி, அடங்கியது. சேக்காட்டில் அவர்கள் வீடு இருக்கும் சந்தில் லாரி வராது. ரயிலாக இருக்கும் என்று நினைத்தாள். ரயில் என்றால் நீளமாக அதிரும், ஜன்னல் கம்பி கூடவே முனகும். இதுவோ ஒரே ஒரு அதிர்வு, தரைக்கு அடியில் யாரோ கனமான எதையோ வைத்துவிட்டுக் கையை எடுத்தது போல. இரண்டு மூச்சு கழித்து இன்னொன்று. மறுபடி இரண்டு மூச்சு, மறுபடி ஒன்று. வாரத்தில் ஆறு நாள், நாளைக்கு எட்டு மணி நேரம் அவள் காதில் விழுகிற தாளம் அது. எண்ண வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே எண்ணினாள். பதினான்கு அடிகள் ஒரே மாதிரி விழுந்தன. பதினைந்தாவது மந்தமாக விழுந்தது, இரும்பும் இரும்பும் மோதுகிற இடத்தில் நடுவே மெத்தென்று ஏதோ இருந்தது போல. பதினாறாவது வரவில்லை. சூடான இரும்பில் எண்ணெய் சொட்டுகிற வாசனை அறைக்குள் கொஞ்ச நேரம் நின்றது.

அந்த எண் பஸ் டிக்கெட்டில் இருந்தது என்று வகுப்பில் பொய் சொல்லியிருந்தாள். ஆவடியில் ஒரு பள்ளிக்கூட மாடியில், வேலைக்குப் போகிறவர்களுக்காக நடக்கும் மாலை வகுப்பு அது. கணக்கு எடுக்கும் ஹெலினா மிஸ், ஆளுக்கு ஓர் ஆறு இலக்க எண்ணை எடுத்துக்கொண்டு அதைப் பற்றித் தெரிந்துகொள்ள முடிந்ததையெல்லாம் எழுதிவரச் சொல்லியிருந்தார். எதால் வகுபடும், எத்தனை வகுத்திகள், எந்தச் சதுரங்களைக் கூட்டினால் அது கிடைக்கும் என்று. தன் எண் பகா எண் என்று நினைப்பதாகச் சொல்லிவிட்டு யுவராணி பலகையில் 999984 என்று எழுதியதும் பின் பெஞ்சு டேனி, "இரட்டைப்படைய பகா எண்ணுன்னு சொன்ன மொத ஆளு நீதான் யுவா, ஆவடி ஸ்டேஷன்ல சிலை வெக்கலாம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

உண்மையில் அந்த எண், அம்பத்தூர் எஸ்டேட்டில் அவள் வேலை பார்க்கும் கம்பெனியில் நான்காம் நம்பர் பிரஸ்ஸின் கவுண்ட்டரில் நின்றுபோன எண். பிரஸ்ஸின் மேல் டை, அதாவது தகட்டை அழுத்தும் இரும்பு அச்சு, ஒருமுறை இறங்கி ஏறினால் கவுண்ட்டரில் ஒன்று கூடும். நவம்பர் ஆறாம் தேதி மதியம், ஷிப்ட் முடியக் கால் மணி நேரம் இருக்கும்போது, யாரும் பெடலை மிதிக்காமலே மேல் டை இறங்கியது. உள்ளே தகட்டைச் சரிசெய்துகொண்டிருந்த வேம்புலியின் வலது கை அங்கே இருந்தது. ரத்தம் நிறையப் போய்விட்டது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

வேம்புலி அவளுக்கு உறவில்லை. இரண்டு சந்து தள்ளிக் குடியிருந்தார். தினமும் காலையில் பைக்கில் ஏற்றிக்கொண்டு போவார். சிறு வயதில் கபடியில் உடைந்து கோணலாக ஒட்டிக்கொண்ட சுண்டுவிரல் பிரேக்கைப் பிடிக்கும்போது தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். "ஏறு வாத்தியாரம்மா, கணக்குல டவுட்டுன்னா என்ன கேளு. பதினாறாம் வாய்ப்பாடு மட்டும் எனக்குத் தண்ணி பட்ட பாடு" என்பார்.

அங்கே எல்லோருக்கும் அது தண்ணி பட்ட பாடுதான். ஒரு ட்ரேயில் பதினாறு குழிகள், தகட்டை அடித்து வளைத்து எடுக்கும் பிராக்கெட் குழிக்கு ஒன்று. கையில் இருக்கும் ட்ரே நிரம்பாமல் ஆபரேட்டர் எவரும் மிஷினை விட்டு இறங்குவதில்லை. அதனால் ஷிப்ட் முடிவில் கவுண்ட்டர் எப்போதும் பதினாறால் வகுபடும் எண்ணில்தான் நிற்கும். கவுண்ட்டரைப் பார்த்து எழுத வேண்டும் என்று விதி இருக்கிறது. யாரும் பார்ப்பதில்லை. யுவராணியைப் போலத் தரம் சரிபார்க்கும் பெண்கள் ட்ரேக்களை எண்ணிப் பதினாறால் பெருக்கிப் பழைய எண்ணோடு கூட்டி, ரிஜிஸ்டரை மிஷினின் மேடைமேலேயே விரித்து வைத்துக் கையெழுத்துப் போடுவார்கள். அங்கே வேறு சமமான இடம் கிடையாது. அன்று ஆம்புலன்ஸ் போன பிறகு, சூப்பர்வைசர் ஜெர்வின் ரிஜிஸ்டரை நீட்டியபோது, அவள் கை வழக்கமாகச் செய்வதையே செய்தது. மேலே இருந்த ட்ரேயை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 999984 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள்தான் பார்த்தாள். ட்ரேயில் பதினான்கு பிராக்கெட்டுகள் இருந்தன. கவுண்ட்டரில் 999983. பதினான்கு அடிக்குப் பதினான்கு பிராக்கெட். பதினைந்தாவது அடி கையின்மேல் விழுந்தது. பதினாறாவது அடி அடிக்கப்படவே இல்லை.

அவள் கூடுதலாக எழுதிய அந்த ஒன்றை வைத்துத்தான் கம்பெனி எல்லாவற்றையும் கட்டியிருந்தது. ட்ரே நிரம்பியிருக்கிறது, ஷிப்ட் வேலை முடிந்திருக்கிறது, அதற்குப் பிறகு வேம்புலி தானாகக் கையை உள்ளே விட்டிருக்கிறார், குடித்திருக்கலாம். ஆதாரம், யுவராணியின் கையெழுத்து. மிஷின் தானாக அடிக்கிறது என்று அந்த வாரத்தில் மூன்று முறை வேம்புலி ஜெர்வினிடம் சொன்னதை அவள் கேட்டிருக்கிறாள். மூன்று முறையும் ஜெர்வின் போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான். கோபம் வந்தால் அவளுக்குக் குரல் உயராது, கையெழுத்து சின்னதாகும். இந்தப் பன்னிரண்டு நாளில் அவள் நோட்டின் எழுத்து கடுகளவுக்கு வந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அம்மா ராஜகுமாரி இட்லிப் பானையைத் திறந்து, "இன்னாடி இது" என்றாள். நான்கு தட்டு, தட்டுக்கு நான்கு குழி. பதினான்கு இட்லிகள் பூத்து உப்பியிருந்தன. பதினைந்தாவது குழியில் இருந்தது அப்பளம் போலத் தட்டையாக, ஓரம் கிழிந்து, குழியோடு ஒட்டிக் கிடந்தது. கடைசிக் குழி காலி. மாவு ஊற்றிய ஈரம்கூட அதில் இல்லை. ஊற்ற மறந்திருப்பேன் என்று அம்மா சொல்லிக்கொண்டாள். தட்டையானதைக் கரண்டியால் சுரண்டி எடுத்துக் குப்பையில் போட்டாள். யுவராணி அன்று சாப்பிடாமல் வேலைக்குப் போனாள்.

சாயங்காலம் உட்கார்ந்து வகுத்தாள். ஓர் எண் பகா எண்தானா என்று பார்க்க, அதன் வர்க்கமூலம்வரை உள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்த்தால் போதும். ஆயிரத்துக்குள் நூற்று அறுபத்தெட்டு இருக்கின்றன. மூன்றால் வகுத்தால் 2 மீதி. ஏழால் வகுத்தால் 5. பதினொன்றால் 6. பதின்மூன்றால் 10. எதிலாவது வகுபட்டுவிடாதா என்று மனசு அடித்துக்கொண்டது. வகுபட்டுவிட்டால் அதுவும் மற்ற எண்களைப் போல ஒன்று, வரிசை வரிசையாக அடுக்கிவிடலாம். கடைசியாக 997. அதிலும் 989 மீதி. அந்த எண்ணை யாராலும் எந்த ட்ரேயிலும் மிச்சமில்லாமல் அடுக்க முடியாது.

கடைசி வரியை எழுதும்போது வாசலில் கமலம் வந்து நின்றாள். வேம்புலியின் மனைவி. உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. கம்பெனிக்குப் போயிருந்தாளாம். கேட்டிலேயே உட்காரவைத்து, அவர் குடித்துவிட்டு விளையாட்டாகக் கையை விட்டார் என்று சொல்லி அனுப்பினார்களாம். அவர் குடிக்கமாட்டார் என்பது சேக்காட்டில் எல்லோருக்கும் தெரியும், பையனின் பள்ளிக்கூடத்தில்கூடக் கேட்கிறார்கள் என்றாள். பிறகு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"நீ எழுதுன நம்பராமே. அத்த வெச்சுதான் சொல்றாங்கோ. அந்தாளு வேல செஞ்சிகினு இருந்தாரா, இல்லியா? அத்த மட்டும் சொல்லு."

"செஞ்சிக்கிட்டுதான் இருந்தாரு, அக்கா."

"அப்ப அத்த அங்க சொல்லு. எங்கிட்ட எதுக்கு சொல்ற?"

அவள் போன பிறகு, கமலம் நின்ற இடத்திலிருந்து தரை அதிர்ந்தது. பதினைந்து.

புதன்கிழமை மதியம், சாப்பாட்டு நேரத்தில், தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். இரண்டு தடவை நம்பரைத் தப்பாக அழுத்தினாள். வெள்ளிக்கிழமை ஆய்வுக்கு வருகிறோம், அதுவரை யாரும் அந்த மிஷினைத் தொடக்கூடாது என்று ஓர் அம்மாள் சொன்னார். ரிஜிஸ்டரில் தப்பு இருந்தால் கவுண்ட்டரைப் பார்த்து, மிஷின் பக்கத்திலேயே, முதலில் எழுதிய கையாலேயே திருத்த வேண்டும், அப்போதுதான் செல்லும் என்றார். எழுதிய கையாலேயே என்றபோது யுவராணி போனை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

அன்றைக்கு வகுப்பில் ஹெலினா மிஸ் அவளுடைய நூற்று அறுபத்தெட்டு வகுத்தல்களையும் பார்த்துவிட்டு, சரிதான், பகா எண்ணேதான் என்றார். ஆறு இலக்கத்தில் இதுதான் கடைசிப் பகா எண்ணாம். இதற்குப் பிறகு பத்து லட்சம் வருவதற்குள் இருப்பவை பதினாறு எண்கள், பதினாறும் வகுபடும். பிறகு சதுரங்களுக்கு வந்தார். இதைப் போல எட்டால் வகுத்தால் 7 மீதி வருகிற எண்ணை இரண்டு சதுரங்களின் கூட்டலாக எழுதவே முடியாது, மூன்றாலும் முடியாது, நான்கு கண்டிப்பாக வேண்டும். யுவராணி தேடிக் கண்டுபிடித்து எழுதினாள். 999-இன் சதுரம், 42-இன் சதுரம், 13-இன் சதுரம், 7-இன் சதுரம். கூட்டினால் மிகச் சரியாக 999983. வேறு நான்குகளும் இருக்கும், இது ஒன்றும் விசேஷம் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஆனால் ரிஜிஸ்டரில் நான்கு கட்டங்கள் இருந்தன. ஃபிட்டர் அருளுடைய கையெழுத்து. ஜெர்வினுடையது. மேனேஜருடையது. அந்த மூன்று பேர் மட்டும் இந்தப் பொய்யைச் சொல்லியிருக்க முடியாது. நான்காவது கட்டத்தில் இருந்தது அவள் கையெழுத்து. அதை நினைத்தபோது முகம் கொதித்தது. யார்மேல் வந்த கோபம் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. சாக்பீஸ் துகள் பலகையிலிருந்து ஒரு கோடாகக் கொட்டியது. பெஞ்சு அதிர்ந்தது. டேனி கொட்டாவி விட்டான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை ஷிப்ட் முடிந்தும் ஜெர்வின் அவளை நிறுத்திவைத்தான். ஐந்தரைக்கு இரண்டாம் ஷிப்ட் டீக்குப் போயிற்று. வரிசையாக எல்லா பிரஸ்களும் அடங்க, ஷெட்டுக்குள் தகரக் கூரை குளிர்ந்து சுருங்குகிற சத்தம் மட்டும் அங்கங்கே டக் டக்கென்று கேட்டது. மழை மேகத்தால் வெளியே அப்போதே இருட்டிவிட்டது. நான்காம் பிரஸ் கடைசியில், சுவரை ஒட்டி, சுற்றிலும் மஞ்சள் நாடா கட்டி நின்றது. ஃப்யூஸைப் பிடுங்கி ஆபீஸில் பூட்டியிருந்தார்கள். பெடல்மேல் இரண்டு வாரத் தூசி. மேடை ஓரத்தில் அந்த ட்ரே அப்படியே இருந்தது, பதினான்கோடு.

அருள் இரும்புக் கம்பியோடு, மிஷினை ஓட்டும் ஃப்ளைவீல் சக்கரத்தின் பக்கத்தில் நின்றான். அவள் பக்கம் பார்க்கவில்லை. அவளைக் கவுண்ட்டருக்கு நேராக டார்ச் பிடிக்கச் சொன்னான் ஜெர்வின். கையால் சக்கரத்தை ஒரு சுற்று சுற்றினால் மேல் டை ஒருமுறை இறங்கி ஏறும். கவுண்ட்டரில் ஒன்று கூடும். ரிஜிஸ்டரும் மிஷினும் ஒத்துப்போகும். ட்ரேயில் குறையும் இரண்டு பிராக்கெட்டைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

"கவுண்ட்டர மாத்தாதீங்க சார். நான்தான் தப்பா எழுதிட்டேன். நாளைக்கு அப்படியே சொல்லிடறேன்."

ஜெர்வினுக்குச் சிரிப்பு வந்தது. "பதினாறால வகுபடாத நம்பர இந்தக் கம்பெனியில எவனாவது எழுதிகீறானா? எவன் நம்புவான்? ஒரு அடிதாம்மா. உன்னக் காப்பாத்தத்தான் இத்தப் பண்றேன்."

உன்னக் காப்பாத்த. அந்த இரண்டு சொல்லையும் அவள் மனசுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

அருள் கம்பியை மாட்டி இழுத்தான். சக்கரம் முனகிக்கொண்டு சுற்றியது. மேல் டை மெதுவாக, வழுவழுப்பாக இறங்கியது, தொட்டது, ஏறியது. கடைசிக் கட்டத்தில் 3 மேலே நகர, 4 வந்து நின்றது. ஜெர்வின் உடனே போனில் படம் எடுத்தான். திரையைப் பார்த்தான். கவுண்ட்டரைப் பார்த்தான். மறுபடி திரையைப் பார்த்தான். இரண்டிலும் 999983.

இன்னொரு தடவை சுற்றச் சொன்னான். 4 வந்தது. கண் இமைத்தால் 3.

மூன்றாவது தடவை. 3.

"போதும்ணா" என்றான் அருள். ஜெர்வின் அவனைத் திட்டினான். கவுண்ட்டரைத் திட்டினான். செத்தவரைத் திட்டினான். கவுண்ட்டருக்குப் பின்னால் இருக்கும் எண் சக்கரத்தை விரலால் தள்ளிவிட, இரண்டு டைகளுக்கும் நடுவே முழங்கைவரை கையை விட்டு, பின்பக்கமாகத் துழாவினான்.

அப்போது யுவராணி பெடலைப் பார்த்தாள்.

பெடல் இறங்கிக்கொண்டிருந்தது. மெதுவாக. தூசி கலையாமல். குதிகாலை ஊன்றி, பழகிய கால் ஒன்று மிதிப்பது போல.

ஃப்யூஸ் ஆபீஸில். கம்பி அருள் கையில். பெடல் இறங்குகிறது.

அவள் வாய் திறக்கவில்லை. ஒரு மூச்சு. ஜெர்வினின் கை உள்ளே. மூன்று முறை தலையாட்டியவனின் கை. குடித்திருந்தார் என்று எழுதிய கை. இன்னொரு மூச்சு. எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தோம் என்று பிறகு எத்தனை தடவை கணக்குப் போட்டும் அவளுக்கு விடை வரவில்லை.

"கை" என்றாள்.

அவன் இழுத்துக்கொண்டான். மேல் டை விழுந்தது.

மந்தமான அடி. நடுவே மெத்தென்று ஏதோ இருந்தது போல.

மேல் டை தானாக ஏறியது. கீழ் டையில் ஒரு பிராக்கெட் இருந்தது. யாரும் தகடு வைக்கவில்லை. வளைந்து, எண்ணெய் மினுங்கி, ஆவி பறந்துகொண்டு. டார்ச் வெளிச்சத்தில் அதன்மேல் கோடுகள் தெரிந்தன. உள்ளங்கை ரேகைகள், ஐந்து விரல்கள், தனியாகக் கோணி நிற்கும் சுண்டுவிரல்.

அருள் கம்பியைக் கீழே போட்டான். "இத்த நான் அன்னிக்கே கால்வாய்ல போட்டுட்டேண்ணா. நீதான போடச் சொன்ன." குரல் சின்னப் பிள்ளையின் குரல் போல இருந்தது. அவன் ஓடினான். ஜெர்வினின் செருப்பு ஒன்று நாடாவுக்கு இந்தப் பக்கம் கிடந்தது. அவனையும் காணவில்லை.

அவள் கண்ணை எடுத்தது ஒரு நொடி. திரும்பியபோது கீழ் டை காலி.

ட்ரேயில் பதினைந்து.

பதினாறாவது குழி காலியாகத்தான் இருந்தது. அடியில் எண்ணெய் மெல்லியதாகப் படிந்திருந்தது. அந்த எண்ணெய்ப் படலத்தில் ஒரு கையின் அளவு ஏற்கெனவே வரைந்து வைக்கப்பட்டிருந்தது. சின்னக் கை. வலது கை. பேனா பிடித்துப் பிடித்து நடுவிரலின் ஓரத்தில் காய்த்துப்போன மேடுவரை.

2024 நவம்பர் 21, வியாழன்.

இதை இடது கையால் எழுதுகிறேன். கோணலாக இருக்கிறது, படிக்க முடியும் என்று நினைக்கிறேன். வலது கைக்கு ஒன்றும் ஆகவில்லை. துண்டில் சுற்றி மடியில் வைத்திருக்கிறேன். உள்ளங்கை ரேகைகள் காலையில் இருந்ததைவிட ஆழம் குறைந்திருக்கின்றன. எனக்கு அப்படித் தோன்றலாம். ஒரு தாளில் வலது கையால் 999983 என்று பத்து தடவை எழுதிப் பார்த்தேன். பத்திலும் 4 வந்தது. பொய்யான எண்ணை எழுதினால் ட்ரே நிரம்பியாக வேண்டும். அது மட்டும் எனக்கு விளங்குகிறது. இதை எழுதத் தொடங்கியதிலிருந்து மேசை பதினைந்து தடவை அதிர்ந்திருக்கிறது.

நாளை செய்ய வேண்டியது: காலை பத்து மணிக்கு ஆய்வாளர் வருகிறார். கமலம் அக்காவையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். 999983 என்று வாயால் முதலில் சொல்லிவிட வேண்டும். பிறகு நான்காம் பிரஸ்ஸின் மேடையில் ரிஜிஸ்டரை விரித்து, அதன்மேல் வலது கையை வைத்து, 4-ஐ அடித்துவிட்டு 3 என்று எழுத வேண்டும்.